ஐயாவின் ஒமேகாவும் மனை விற்ற 20 லட்சமும்

கேள்வி: எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியின் (அப்பாவின்) தகப்பனார், பினாங்கில் இருந்தபோது 1967-இல் வாங்கிய ஒமேகா கான்ஸ்டலேஷன் வாட்ச் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. ஸ்டீல் கேஸ், ஆட்டோமேட்டிக், தேதி உண்டு. பின்மூடிக்குள் 168.005 என்ற மாடல் எண்ணும், மெஷினில் 24-இல் தொடங்கும் எட்டு இலக்க எண்ணும் இருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். டயலில் ஆங்காங்கே பழுப்புப் புள்ளிகள். ஓடுகிறது, ஆனால் நாளுக்கு 4 நிமிஷம் வேகம். பினாங்கு கடை ரசீதும் பெட்டியும் இருக்கின்றன. டயலைப் புதிதாக்கி, கேஸுக்கு பாலிஷ் போட்டு ‘ஷோரூம் பீஸ்’ போல ஆக்கித் தர 9,000 ரூபாய் கேட்கிறார் கடைக்காரர். இன்னொருவர், ‘பழைய ஒமேகா ஒன்று ஜெனிவாவில் 3 மில்லியனுக்குப் போனது, உங்களுடையதை 12 லட்சத்துக்கு ஏலத்தில் விற்றுத் தருகிறேன், மதிப்பீட்டுக் கட்டணமாக 25,000 முன்பணம் கொடுங்கள்’ என்கிறார். அவரே 1968-ஆம் வருஷத்து ரோலெக்ஸ் ஜி.எம்.டி. மாஸ்டர் 1675 ஒன்றை 14 லட்சம் ரொக்கத்துக்குத் தருவதாகவும் சொல்கிறார். மனை விற்ற பணம் 20 லட்சம் கையில் இருக்கிறது. பழைய வாட்ச்சில் போடலாமா? ஐயாவின் வாட்ச்சை என் மகன் தினமும் கட்டிக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்:

முதலில் கடைக்காரருக்குப் போன் செய்து வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் பிறகு ஆகலாம். டயல் ஒருமுறை கழுவப்பட்டுவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது.

‘டயலைப் புதிதாக்குவது’ என்றால் நடப்பது இதுதான். மேலே பதித்திருக்கும் மணிக் கோடுகளையும் நட்சத்திரத்தையும் பிடுங்குவார்கள். எழுத்துகளையும் வார்னிஷையும் ரசாயனத்தில் கரைப்பார்கள். தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, புது நிறம் அடித்து, எழுத்துகளை மறுபடி அச்சடிப்பார்கள். உங்கள் மாடலின் டயல் நடுவில் தட்டையாக இருந்து, ஓரத்தில் 12 முகங்களாகச் சரியும். அதைச் சேகரிப்பவர்கள் ‘பை-பான்’ என்பார்கள். அந்த 12 மடிப்புகளின் கூர்மைதான் இந்த வாட்ச்சின் அழகு, விலையும் அதில்தான் இருக்கிறது. உப்புத்தாள் பட்டால் மடிப்புகள் மழுங்கிவிடும். எழுத்தின் தடிமன் மாறும், வரிகளின் இடைவெளி மாறும். 6 மணிக்குக் கீழே விளிம்பை ஒட்டி இருக்கும் ‘ஸ்விஸ் மேட்’ (Swiss Made) என்ற எழுத்து சில நேரம் இடம் மாறி வரும், சில நேரம் வராமலே போகும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பார்ப்பவருக்கு இதைக் கண்டுபிடிக்க அரை நிமிஷம் போதும்.

இதில் நம் நாட்டுக்கென்று ஒரு தனித் தலைவலியும் உண்டு. வாட்ச் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் ஒரிஜினல் டயல் கிடைக்காமல், மும்பையில் டயல் அச்சடிக்கும் தொழில் பெருகியது. இன்றும் அங்கிருந்து பளபளவென்று, வண்ண வண்ண டயல்களோடு பழைய ஒமேகாக்களும் சீக்கோக்களும் உலகம் முழுக்கப் போகின்றன. அதனால் இந்தியாவிலிருந்து ஒரு பழைய வாட்ச் வருகிறது என்றாலே வெளிநாட்டில் வாங்குபவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கக் கூடியவை உங்களிடம் இருக்கின்றன: கை வைக்காத டயல், பெட்டி, 1967 பினாங்கு ரசீது. 24 மில்லியன் வரிசை எண் 1966-ஐ ஒட்டியது. அடுத்த வருஷம் கடையில் விற்றிருப்பது சரியாகப் பொருந்துகிறது. அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். லேமினேட் செய்யாதீர்கள், அமிலமில்லாத உறையில் போட்டு, படம் எடுத்து வையுங்கள்.

பாலிஷும் வேண்டாம். கான்ஸ்டலேஷனின் பின்மூடி நடுவில் வானியல் ஆய்வுக்கூடமும், மேலே எட்டு நட்சத்திரங்களும் கொண்ட முத்திரை இருக்கும். பஃப் சக்கரத்தில் பிடித்தால் முதலில் அழிவது அந்த நட்சத்திரங்களின் முனைகள். அடுத்து, ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளின் ஓரங்கள் உருண்டுபோகும். கீறலை விலையில் கொஞ்சம் கழித்துக்கொண்டு ஏற்றுக்கொள்வார்கள். உருண்ட கேஸை வாங்க யோசிப்பார்கள்.

இனி, இந்தப் புள்ளிகள். ‘டிராப்பிக்கல் டயல், ரொம்ப ரேர்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கறுப்பு டயல் வெயிலில் முழுக்க ஒரே சீராகப் பழுப்பாக மாறினால்தான் அந்தப் பெயர். உங்களுடையது ஈரம் உள்ளே போனதால் வார்னிஷ் கெட்ட புள்ளி. அதைப் பஞ்சால்கூடத் தொடவேண்டாம், அச்சு சேர்ந்து வந்துவிடும்.

ஆனால் மெஷினுக்கு வேலை செய்யத்தான் வேண்டும். நாளுக்கு 4 நிமிஷம் வேகம் என்றால் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். ஒன்று, காந்தம் ஏறியிருக்கலாம். போன் ஸ்பீக்கர், டேப்லெட் உறையின் காந்த மூடி இவற்றின் மேல் வைத்தாலே போதும். ஒரு சாதாரண திசைகாட்டியை வாட்ச்சின் அருகே பிடியுங்கள். முள் துடித்தால் காந்தம்தான். காந்தத்தை இறக்கும் டீமேக்னடைசர் கருவியில் சில விநாடி வேலை. அதற்குப் பிறகும் வேகம் குறையாவிட்டால், பழைய எண்ணெய் ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள்கம்பியில் பரவி அதன் சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பொருள்.

168.005-க்குள் இருப்பது பொதுவாக 561 மெஷின்: 24 கல், மணிக்கு 19,800 துடிப்பு, செம்பு நிறப் பூச்சு. ஒமேகா செய்த மிக உறுதியான ஆட்டோமேட்டிக் மெஷின்களில் இதற்கு இடம் உண்டு. ஒழுங்காகச் சுத்தம் செய்தால் இன்னும் ஒரு தலைமுறை ஓடும். முழு ஓவர்ஹால் என்றால் எல்லாவற்றையும் கழற்றி, கழுவி, இடத்துக்கேற்ற எண்ணெய் போடுவது. வேகமாகச் சுழலும் சக்கரங்களின் கற்களுக்கு மோபியஸ் 9010, மெதுவாகச் சுழலும் இடங்களுக்கு கெட்டியான டி5 வகை, பேலட் கற்களுக்கு 9415, மெயின்ஸ்பிரிங் சுருண்டிருக்கும் டப்பாவான பேரலின் உட்சுவருக்கு 8217 கிரீஸ். இந்தக் கடைசி கிரீஸ் முக்கியம். ஆட்டோமேட்டிக் வாட்ச்சில் மெயின்ஸ்பிரிங் முழுக்க இறுகியதும் சுவரில் வழுக்கிக்கொடுக்க வேண்டும். கிரீஸ் தவறினால் சீக்கிரமே வழுக்கி இரவில் நின்றுபோகும், அல்லது வழுக்காமல் இறுகி, முன்பின் ஆடித் துடிக்கும் பேலன்ஸ் சக்கரம் மிதமிஞ்சி ஆடும். ‘எல்லாத்துக்கும் ஒரே ஆயில்தாங்க’ என்று சொல்கிற இடத்தில் வாட்ச்சைக் கொடுக்காதீர்கள்.

வேலை முடிந்ததும், துடிப்பைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மெஷினுக்கு மெஷின் மாறும் லிஃப்ட் ஆங்கிள் என்ற கோணத்தை, 561-க்கு 49 டிகிரி என்று கருவியில் அமைக்க வேண்டும். வழக்கமாகக் கருவியில் இருக்கும் 52-இலேயே விட்டால் ஆம்பிளிட்யூட், அதாவது பேலன்ஸ் ஆடும் கோணம், உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். முழுச் சாவியில், டயல் மேல்பக்கம் பார்க்க வைத்தால் 260 முதல் 300 டிகிரி வரை நல்லது. 220-க்குக் கீழே என்றால் வேலை முடியவில்லை. பீட் எரர், அதாவது ‘டிக்’ ‘டாக்’ இடைவெளிகளின் வித்தியாசம், 0.8 மில்லி விநாடிக்குள் இருக்கட்டும். அறுபது வயது மெஷின் நாளுக்குப் பத்துப் பதினைந்து விநாடி முன்பின் ஓடினால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கொடுக்கும்போது ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்: டயல், முள், கேஸ் எதையும் தொடக்கூடாது, பாலிஷ் கூடாது, மாற்றிய எந்தப் பாகமானாலும் பழையதைத் திருப்பித் தரவேண்டும். பத்துப் பட்டை கொண்ட கிரவுன் (சாவி கொடுக்கும் குமிழ்), நடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒமேகா குறி பொறித்த பிளாஸ்டிக் கண்ணாடி இரண்டும் சத்தமில்லாமல் மாறிவிடக்கூடியவை. கண்ணாடி கீறலை மட்டும் அக்ரிலிக் பாலிஷ் பசையால் தேய்த்து எடுக்கலாம், தப்பில்லை. கொடுக்கும் முன் டயல், பின்மூடியின் உள்புறம், மெஷின் எண் மூன்றையும் கடையிலேயே, அவர் கண் முன்னால் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விலைக்கு வருவோம். ஸ்டீல் கேஸ், டயல் சுத்தமாக உள்ள 168.005 ஏறத்தாழ 1,000 டாலரை ஒட்டிப் போகிறது. மிக நன்றாக இருந்தால் அதற்கு மேலே. உங்கள் டயல் புள்ளிகள் கொஞ்சம் குறைக்கும், ரசீதும் பெட்டியும் கொஞ்சம் கூட்டும். 12 லட்சம் என்பது கதை. பெரிய ஏல நிறுவனங்கள் படம் பார்த்து விலை மதிப்புச் சொல்ல முன்பணம் கேட்பதில்லை, இந்த விலை வாட்ச்சைப் பெரும்பாலும் எடுப்பதும் இல்லை. 25,000 கேட்பவர் வாட்ச்சை விற்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். அவருக்கு வருமானம் அந்த 25,000-தான்.

அவர் சொன்ன 3 மில்லியன் கதையின் மீதியையும் அவர் சொல்லியிருக்க வேண்டும். 2021 நவம்பரில் ஜெனிவாவில் ஃபிலிப்ஸ் ஏலத்தில் 1957-ஆம் வருஷத்து ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 2915-1 ஒன்று 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போனது உண்மை. டயல் சீராகப் பழுத்த டிராப்பிக்கல். மதிப்பீடோ 80,000 முதல் 1,20,000 ஃபிராங்க் வரைதான். வாங்கியது ஒமேகா நிறுவனமே, தன் அருங்காட்சியகத்துக்காக. 2023-இல் அதே நிறுவனம் வெளியே வந்து, அது பல வாட்ச்களின் பாகங்களை, பெரும்பாலும் ஒரிஜினல் பாகங்களையே சேர்த்துக் கட்டிய பொருள் என்றும், அதில் தன் முன்னாள் ஊழியர்களுக்குத் தொடர்பு இருந்தது என்றும் சொன்னது. பெரும்பாலான பாகங்கள் உண்மை, முழுசு பொய். செய்த நிறுவனமே, தன் சொந்தப் பொருளில், 30 லட்சம் ஃபிராங்க் கொடுத்து ஏமாந்த துறை இது. அதில்தான் நீங்கள் வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து 14 லட்சம் போட யோசிக்கிறீர்கள்.

அந்த ஜி.எம்.டி.யை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். வாங்காவிட்டாலும் தெரிந்திருக்கட்டும்.

செயினைக் கழற்றாமல் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தக் காலத்து ரோலெக்ஸில் 12 மணிப் பக்கக் கொம்புகளுக்கு இடையே மாடல் எண்ணும், 6 மணிப் பக்கம் வரிசை எண்ணும் இருக்கும். செயின் கழற்றினால்தான் தெரியும். எண்கள் மெல்லிய கோடாக, கூர்மையாக, வெளிச்சத்தில் மின்ன வேண்டும். புள்ளி புள்ளியாக அரித்தது போலிருந்தால் பிறகு போட்டது. கொம்பில் குறுக்காகத் துளை இருக்கும். துளைக்கும் ஓரத்துக்கும் நடுவே உள்ள உலோகத்தைப் பாருங்கள். பாலிஷ் போடப் போட அது மெலிந்துகொண்டே போகும். இடது கொம்பில் இருக்கும் இடைவெளி வலது கொம்பில் இல்லை என்றால், எந்தப் பக்கம் சக்கரத்தில் அதிகம் அழுத்தினார்கள் என்பதுகூடத் தெரிந்துவிடும்.

பின்மூடியைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் காலாண்டு ரோமன் எண்ணிலும் வருஷம் இரண்டு இலக்கத்திலும் அடித்திருக்கும். 1968 என்று சொல்லும் வாட்ச்சில் அது 67-ஐயோ 68-ஐயோ காட்ட வேண்டும். மெஷின் 1575 என்பார்கள், பாலத்தில் 1570 என்று இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தொழிற்சாலை அப்படித்தான் அடித்தது.

இருட்டில் ஒளிரும் பூச்சுதான் கைதேர்ந்தவர்களையும் கவிழ்ப்பது. 1963-ஐ ஒட்டி ரோலெக்ஸ் ரேடியம் என்ற கதிரியக்கப் பொருளை விட்டு டிரிட்டியம் என்ற இன்னொன்றுக்கு மாறியது. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 வருஷம்; 1968-இல் பூசியதில் இன்று நூற்றில் நாலு பங்கு கதிரியக்கம்தான் மிச்சம். அதனால் விளக்கை அணைத்தால் டயல் நன்றாக ஒளிரவே கூடாது. புற ஊதா (யு.வி.) விளக்கில் காட்டினால் பளிச்சென்று எழுந்து, எடுத்ததும் உடனே அடங்க வேண்டும். நிமிஷக்கணக்கில் பச்சையாக எரிந்தால் பூச்சு புதியது, அல்லது டயலே பிற்காலத்து சர்வீஸ் டயல். முள்ளில் உள்ள பூச்சின் நிறமும் டயல் புள்ளிகளின் நிறமும் ஒன்றுபோல வயதாகியிருக்க வேண்டும். டயல் தேன் நிறம், முள் வெள்ளை என்றால் முள் மாறியிருக்கிறது. யாராவது இன்னும் பழைய, 1950-களின் வாட்ச் காட்டினால் அதில் ரேடியம். அதன் அரை ஆயுள் 1,600 வருஷம். ஒளிராது, ஆனால் கதிரியக்கம் அப்படியே இருக்கும். மூடிய வாட்ச்சைக் கட்டுவது வேறு; திறந்து பூச்சைச் சுரண்டுவது, ஊதுவது மட்டும் கூடவே கூடாது, தூள் மூச்சில் போனால் ஆபத்து.

சட்டப் பக்கம் இதைவிட முக்கியம். ‘ரொக்கம்’ என்ற சொல்லிலேயே பேச்சை முடித்திருக்கலாம். வருமான வரிச் சட்டப்படி ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக்கூடாது. பெற்றவருக்கு அதே அளவு அபராதம். 2025 ஏப்ரல் 22 முதல் 10 லட்சத்துக்கு மேலான கைக்கடிகாரத்துக்கு விற்கும் வியாபாரி 1 சதவீதம் வரி பிடித்து, உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும். 14 லட்சத்துக்கு 14,000. அதை நீங்கள் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், நஷ்டமில்லை. ரொக்கம் கேட்பவர் இதை எதையும் செய்யப் போவதில்லை.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. 1962 சுங்கச் சட்டத்தின் 123-ஆம் பிரிவில் தங்கத்தோடு சேர்த்து ‘கடிகாரங்கள்’ என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். கடத்தல் பொருள் என்ற நியாயமான சந்தேகத்தில் அதிகாரிகள் கைப்பற்றினால், அது கடத்தல் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருப்பவருடையது. துபாயிலிருந்தோ ஹாங்காங்கிலிருந்தோ சட்டைப் பைக்குள் வந்த ஜி.எம்.டி.யை நீங்கள் நல்ல எண்ணத்தோடு, பணம் கொடுத்து வாங்கியிருந்தாலும் பொருள் போகலாம். சுங்கம் கட்டிய ரசீதின் நகல், ஜி.எஸ்.டி. பில், வங்கி வழிப் பணம் மூன்றும் இல்லாமல் இந்தியாவில் இந்த விலைக்கு எந்த வாட்ச்சையும் வாங்காதீர்கள். ஐயா பினாங்கிலிருந்து கொண்டுவந்ததற்கு அந்தப் பழைய ரசீது இங்கேயும் துணை. அவருடைய பழைய பாஸ்போர்ட் வீட்டில் இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.

சரி, நேர்மையான ஆள், நேர்மையான வாட்ச், எல்லா ரசீதும் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். முதலீடாகப் பார்த்தால் என்ன கிடைக்கும்? ஏலக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஜெனிவாவில் சுத்தியல் விலை, அதாவது சுத்தியல் தட்டி ஏலம் முடியும் விலை, 10,000 ஃபிராங்க், வாங்குபவர் கட்டணம் 26 சதவீதம் என்று வைத்தால், மொத்தம் 12,600 கொடுப்பீர்கள். அதன் மேல் வரி, அனுப்பும் செலவு, நம் ஊர் சுங்கம் எல்லாம் தனி. நாளை அதையே விற்கும்போது விற்பவரிடம் 10 சதவீதம் பிடித்தால், கையில் 12,600 வர சுத்தியல் 14,000-இல் விழ வேண்டும். அதாவது விலை 40 சதவீதம் ஏறினால்தான் போட்ட பணம் திரும்பும். தங்கச் சங்கிலியில் செய்கூலி சேதாரத்துக்கே யோசிக்கிற ஊர் நாம்.

இது சின்ன வாட்ச்களின் கதை, பெரிய வாட்ச்கள் வேறு என்பார்கள். எல்லாவற்றையும்விடப் பெரியதையே எடுத்துக்கொள்வோம். நியூயார்க் வங்கியாளர் ஹென்றி கிரேவ்ஸுக்காக சுவிஸ் வாட்ச் நிறுவனமான படேக் ஃபிலிப் 1933-இல் முடித்துக் கொடுத்த சூப்பர்காம்ப்ளிகேஷன், 24 வகை இயக்கங்கள் கொண்ட பாக்கெட் வாட்ச். 1999-இல் சதபீஸ் ஏலத்தில் 1.1 கோடி டாலர். 2014 நவம்பரில் ஜெனிவாவில் 2.4 கோடி டாலர். தலைப்புச் செய்தியில் ‘இரண்டு மடங்கு’ என்று வந்தது. பதினைந்து வருஷத்துக்குப் பிரித்தால் கூட்டு வட்டியில் ஆண்டுக்கு 5.3 சதவீதம். அதிலும் 2.4 கோடியில் ஏல நிறுவனத்தின் கட்டணம் சேர்ந்திருக்கிறது, விற்றவர் கைக்கு அது முழுசாகப் போகவில்லை. காப்பீடும் பெட்டக வாடகையும் வேறு. படேக்கின் 1518 என்ற மாடலைப் பாருங்கள். 1941-இல் வந்தது, மொத்தம் 281 செய்தார்கள். பெரும்பாலும் தங்கம், ஸ்டீலில் வெளியுலகுக்குத் தெரிந்தவை நாலே நாலு. அதனால் தங்கத்தைவிட ஸ்டீல் பல மடங்கு விலை. அந்த நாலில் ஒன்று 2016-இல் 1.1 கோடி ஃபிராங்க். அதே பொருள் 2025 நவம்பரில் 1.419 கோடி. ஒன்பது வருஷத்தில் ஆண்டுக்கு 3 சதவீதம்கூட இல்லை.

வாட்ச் உலகின் உச்சியில் இருப்பதற்கே இந்த வருமானம் என்றால், அங்கே ஏலத்தில் கை தூக்குபவர்களின் பணம் வாட்ச்சிலிருந்து வந்ததல்ல, வாட்ச்சுக்குப் போகிற பணம். கார்த் தொழிலிலும் வங்கியிலும் எண்ணெயிலும் சம்பாதித்து இங்கே வைக்கிறார்கள். இறங்கினாலும் அவர்களுக்குத் தூக்கம் கெடாது. மனை விற்ற பணத்துக்கு அந்த வசதி இல்லை. 2022 வசந்தத்தின் உச்சியில், பழையதும் புதியதுமாக ரோலெக்ஸும் படேக்கும் வாங்கியவர்கள், அடுத்த இரண்டு வருஷம் விலை இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டிய ரோலெக்ஸ் டேட்டோனாவைச் சொல்வீர்கள். 2017 அக்டோபரில் நியூயார்க்கில் 1.775 கோடி டாலர். அது நடிகரின் கையிலிருந்தே வந்த ஒரே ஒரு 6239 மாடல். மனைவி பின்மூடியில் ‘பார்த்து ஓட்டுங்கள்’ என்று பொறித்துக் கொடுத்தது, மகளின் நண்பருக்கு அவர் அதைக் கொடுத்தது, எல்லாம் ஆவணமாக இருந்தன. அதே மாடல், அதே வகை டயல் உள்ள மற்றவை அந்த விலைக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. இந்த டயலின் அடையாளம், 9 மணிச் சிறு வட்டத்தில் 20-40-60-க்குப் பதில் 15-30-45-60 என்று எண்கள், கோடுகளின் முனையில் குட்டிச் சதுரங்கள். கடைகளில் விற்காமல் கிடந்த டயல் அது. இன்று டயல் ஒன்றே வாட்ச்சின் விலையைப் பல மடங்கு ஏற்றுவதால், சாதாரண 6239-ஐ வாங்கி டயலை மட்டும் மாற்றுபவர்களும், டயலையே போலியாகச் செய்பவர்களும் ஏராளம்.

ஆசை விடவில்லை என்றால், 20 லட்சத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள். மீதியை உங்களுக்குப் பழகிய இடத்தில் போடுங்கள். ஒதுக்கியதில் 1960-களின் லாஞ்சின்ஸோ ஒமேகாவோ, டயல் மாற்றாதது, பில்லோடு ஒன்று வாங்கலாம். லாஞ்சின்ஸ் போன்ற சில நிறுவனங்கள் வரிசை எண்ணைக் கொடுத்தால் தங்கள் பழைய பேரேட்டைப் பார்த்து, எப்போது எந்த நாட்டுக்கு அனுப்பியது என்று சொல்லும். ரோலெக்ஸ் பழைய வாட்ச்களுக்கு அப்படி எதுவும் தருவதில்லை. கற்றுக்கொள்பவர் ரோலெக்ஸில் தொடங்கக்கூடாது என்பதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

பத்திரப்படுத்துவது: வங்கி லாக்கர் பாதுகாப்பு, ஆனால் காப்பீடு அல்ல. 2022 முதல் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி தீ, திருட்டு போன்றவற்றில் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான். 3,000 வாடகை என்றால் 3 லட்சம், அதில் வீட்டு நகையும் அடக்கம். வீட்டுக் காப்பீட்டில் வாட்ச்சைத் தனியாக, வரிசை எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். எங்கே வைத்தாலும் பக்கத்தில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். நிறம் மாறியதும் மாற்றுங்கள். டயலில் புள்ளி வந்தது நம் ஊர்க் காற்றின் ஈரத்தால்தான்.

மகன் கட்டிக்கொள்ளலாம், ஆனால் தினமும் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். பெட்டியிலேயே கிடந்தால் எண்ணெய் ஓரிடத்தில் தேங்கும். புது வாஷர் போட்டிருந்தாலும் தண்ணீர் கூடாது. கை கழுவும்போது, மழையில், கோயில் குளத்தில் கழற்றிவிட வேண்டும். வியர்வை அதிகமுள்ள சித்திரை, வைகாசியில் தோல் ஸ்ட்ராப்பைத் தவிர்த்து நைலான் போடட்டும். புல்லட் ஓட்டும்போதும் கிரிக்கெட் ஆடும்போதும் வேண்டாம், அதிர்ச்சியில் பேலன்ஸின் மெல்லிய அச்சு முனை தாங்காமல் போகலாம்.

தேதி மாற்றுவதை மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். 561-இல் தேதிக்கென்று தனிச் சாவி நிலை கிடையாது. கிரவுனை வெளியே இழுத்து, முள்ளை முன்னோக்கித் திருப்பி 12-ஐக் கடக்க விடவேண்டும்; தேதி மாறும். பிறகு பின்னோக்கி 8 மணி அளவுக்குக் கொண்டுவந்து, மறுபடி 12-ஐக் கடக்க விட்டால் அடுத்த தேதி. இழுக்கும்போது மெதுவாக இழுக்கட்டும், பாதியில் இறுக்கமாகத் தெரிந்தால் பலவந்தம் செய்யாமல் விட்டுவிட்டு மெக்கானிக்கிடம் காட்டட்டும்.